அத்தியாயம் 7: ஆக்சிலரேட்டர் கார்டு, வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

சர்வரில் என்கிரிப்ஷன் சுமை ஏறிவிட்டது, ஆக்சிலரேட்டர் கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எந்தச் சுமை? என்கிரிப்ஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் சர்வருக்குள் நடப்பது மூன்று தனித்தனி வேலைகள். ஒன்றைக் குறைக்கும் வழி இன்னொன்றுக்கு உதவாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிய கார்டுகள் எத்தனையோ சர்வர்களில் மின்சாரத்தை மட்டும் தின்றுகொண்டு சும்மா இருக்கின்றன.

முதல் வேலை ஹேண்ட்ஷேக். ஒரு பிரவுசர் புதிதாக இணையும்போது சர்வர் தன் தனிச்சாவியால் கையெழுத்துப் போட்டுத் தன்னை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் ஆர்எஸ்ஏ வகை என்றால் 2048 பிட் நீளமுள்ள எண்களைத் திரும்பத் திரும்பப் பெருக்கும் கணக்கு இது. 3 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும், சில ஆண்டுகள் பழைய இன்டெல் கோர் ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 கையெழுத்துகள் போடும். கையெழுத்தைச் சரிபார்க்கும் பிரவுசருக்கு வேலை மிகக் குறைவு. சிரமம் முழுவதும் சர்வர் பக்கம்தான்.

இரண்டாவது, இணைப்பு ஏற்பட்ட பிறகு ஓடும் தரவைக் குறியாக்குவது. பெரும்பாலும் ஏஇஎஸ்-ஜிசிஎம் முறை. இன்றைய சிபியுக்களில் இதற்கென்றே தனிக் கட்டளைகள் இருப்பதால் கோர் ஒன்றே வினாடிக்கு 3 முதல் 5 ஜிகாபைட் வரை குறியாக்கிவிடும். 10 ஜிகாபிட் லைன் முழுக்க நிரம்பினாலும் அதில் ஓடுவது வினாடிக்கு 1.25 ஜிகாபைட்தான்.

மூன்றாவது வேலையைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தரவு டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு வந்து, அங்கிருந்து சிபியுவுக்குப் போய், குறியாக்கம் ஆகித் திரும்பவும் மெமரிக்கு வந்து, பிறகு நெட்வொர்க் கார்டுக்குப் போகிறது. கணக்கு போடுவதைவிட இந்தப் போக்குவரத்தே பெரிய சர்வர்களில் மூச்சு முட்ட வைக்கிறது. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இந்தக் கார்டுகள் வந்த கதை

1990-களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப்பின் எஸ்எஸ்எல் மூலம் இணையக் கடைகள் திறந்தபோது, அன்றைய சிபியுக்கள் சில நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடின. 1024 பிட் ஆர்எஸ்ஏ கையெழுத்துகளை வினாடிக்குச் சில பத்து என்ற கணக்கில்தான் அவற்றால் போட முடிந்தது. ஒரே நேரத்தில் கொஞ்சம் கூட்டம் வந்தாலே கடையின் சர்வர் நின்றுவிடும். அந்த நெருக்கடியில்தான் ரெயின்போ டெக்னாலஜீஸின் கிரிப்டோஸ்விஃப்ட், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய என்சைஃபரின் என்ஃபாஸ்ட் போன்ற பிசிஐ கார்டுகள் சந்தைக்கு வந்தன. பிறகு சன் நிறுவனமும் தன் சர்வர்களுக்கென்று சொந்தக் கார்டு விற்றது. ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் ஹைஃபன் சிப் பொருத்திய மலிவான கார்டுகளைக் கெர்னலிலேயே ஆதரித்தார்கள். அன்றைக்கு அது நியாயமான செலவு.

நிலைமை இரண்டு தடவை மாறியது. 2001 நவம்பரில் ஏஇஎஸ் அமெரிக்க அரசுத் தரமாக அறிவிக்கப்பட்டது. டிரிபிள் டெஸ்ஸையும் ஆர்சி4-ஐயும் மட்டும் சிலிக்கானில் பதித்திருந்த கார்டுகளால் புதிய முறையைத் தொடவே முடியவில்லை. அடுத்து, 2010-இல் இன்டெல் தன் வெஸ்ட்மியர் சிபியுக்களில் ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகளைச் சேர்த்தது. ஏஎம்டி 2011-இல் சேர்த்தது. தரவைக் குறியாக்குவதற்குத் தனிக் கார்டு என்ற தேவை சாதாரண சர்வர்களில் அத்தோடு முடிந்தது.

அதே 2010 ஜனவரியில் கூகுள் ஜிமெயிலை முழுக்க எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றியது. அதற்காக ஒரு கூடுதல் மெஷினோ சிறப்பு வன்பொருளோ வாங்கவில்லை என்றும், முன்வரிசை சர்வர்களில் சிபியு சுமையில் எஸ்எஸ்எல்லின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அங்கே பணியாற்றிய ஆடம் லாங்லி எழுதினார். வெஸ்ட்மியர் பரவலாவதற்கு முன்பே கிடைத்த முடிவு அது. கூகுள் அளவுக்குக் கவனமாக அமைப்பைச் சரிசெய்யாதவர்களுக்கு அந்த 1 சதவீதம் வாய்க்காது. ஆனால் கார்டைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு வரும் ஸ்பீட் கட்டளை போதும். ஆர்எஸ்ஏ 2048, ஈசிடிஎஸ்ஏ பி-256, ஏஇஎஸ்-128-ஜிசிஎம் மூன்றையும் அதில் ஓட்டி, ஒரு கோருக்கு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஏஇஎஸ்ஸை அளக்கும்போது ஈவிபி என்ற ஆப்ஷனைக் கட்டாயம் கொடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்புகளில் அது இல்லாமல் அளந்தால் சிபியுவின் ஏஇஎஸ் கட்டளைகளைத் தொடாத பழைய நிரல்தான் ஓடும். எண் பல மடங்கு குறைவாக வரும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கார்டு வாங்கக் கிளம்புவது நடக்கிறது.

விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். லினக்ஸின் சிபியு தகவல் கோப்பில் ஏஇஎஸ் என்ற கொடி இருக்கிறதா? கீழே இருக்கும் நிஜமான சிபியுவில் அந்த வசதி இருந்தாலும், கேவிஎம்-இல் பொதுவான சிபியு மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது உள்ளே தெரியாது. சிபியு வகையை ஹோஸ்ட்டுக்கு இணையாக மாற்றி மெஷினை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் தொடங்கினால் போதும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது. பல அலுவலகங்களில் பிரச்சினையே இதுதான்.

அடுத்து, உச்ச நேரத்தில் பெர்ஃப் கருவியை ஓட்டி, சிபியு நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். மான்ட்காமரி பெருக்கலைக் குறிக்கும் செயல்கூறுகள் மேலே நின்றால் அது ஆர்எஸ்ஏ கையெழுத்து. ஏஇஎஸ்-ஜிசிஎம் பெயர்கள் மேலே வந்தால் தரவுக் குறியாக்கம். மெமரியில் நகலெடுக்கும் செயல்கூறுகள் மேலே வந்தால் மூன்றாவது வகை. பிஎச்பியோ ஜாவாவோ டேட்டாபேஸோ மேலே வந்தால், இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு அதைக் கவனியுங்கள்.

கிடைத்த சதவீதத்தை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த கணக்கு இது. சிபியு நேரத்தில் 20 சதவீதம் என்கிரிப்ஷன் என்று வையுங்கள். கார்டு அதை முழுவதுமாக, நேரமே எடுக்காமல் செய்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீதம் 80 சதவீதம் அப்படியே இருக்கும். ஆக சர்வர் தாங்கும் அளவு 1.25 மடங்குதான் கூடும். என்கிரிப்ஷனின் பங்கு 60 சதவீதமாக இருந்தால் 2.5 மடங்கு. இரண்டாவது நிலையில் இருப்பவர்தான் கார்டைப் பற்றிப் பேச வேண்டும். முதல் நிலையில் இருப்பவருக்கு இன்னொரு சாதாரண சர்வர் மலிவு, நிர்வாகமும் எளிது.

செலவில்லாமல் குறைப்பது

ஹேண்ட்ஷேக்தான் சுமை என்று தெரிந்தால், முதலில் சான்றிதழைத் திறந்து பாருங்கள். 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவி இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். சாவியின் நீளம் இரட்டிப்பானால் கையெழுத்து வேலை ஏறத்தாழ 6 முதல் 8 மடங்கு கூடும். பொதுச் சான்றிதழ்களுக்கு இன்றைய குறைந்தபட்ச அளவு 2048. ஓராண்டு ஆயுள்கூட இல்லாத இணையதளச் சான்றிதழுக்கு 4096 போட்டு ஒவ்வொரு இணைப்பிலும் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய லாபம் நீள்வட்ட வளைவுச் சாவிக்கு மாறுவது. பி-256 வளைவுக்கு ஷே கெரோனும் விளாட் கிராஸ்னோவும் எழுதிய வேகமான நிரல், 2015 ஜனவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-இல் சேர்ந்தது. அதன் பிறகு ஒரு கோர் வினாடிக்குப் பல்லாயிரம் ஈசிடிஎஸ்ஏ கையெழுத்துகள் போடுகிறது. ஆர்எஸ்ஏவோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல். பழைய கருவிகள் இணைகின்றனவே என்ற கவலை இருந்தால், என்ஜின்எக்ஸ், எச்ஏபிராக்ஸி, அப்பாச்சி மூன்றும் இரண்டு வகைச் சான்றிதழையும் ஒரே தளத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. வருபவரின் திறனைப் பார்த்து சர்வரே எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும்.

மூன்றாவதாக, இணைப்பை மறுபடி பயன்படுத்துவது. ஒருமுறை வந்த பிரவுசர் திரும்ப வரும்போது கையெழுத்தே இல்லாமல் தொடர, செஷன் டிக்கெட் வசதி இருக்கிறது. லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள் இருந்து, நான்கும் தனித்தனி டிக்கெட் சாவி வைத்திருந்தால் முக்கால்வாசி டிக்கெட்டுகள் செல்லாமல் போகும். நான்குக்கும் ஒரே சாவியைப் பகிருங்கள். ஆனால் அதைத் தினமும் மாற்றுங்கள். மாற்றாத டிக்கெட் சாவி ஒருவர் கையில் சிக்கினால், எஸ்எஸ்எல்லின் வாரிசான டிஎல்எஸ் 1.2-இல் அதுவரை பதிவு செய்து வைத்த உரையாடல் எல்லாமே திறந்துவிடும்.

டிஸ்க் குறியாக்கத்தில் இடிக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளவுட்ஃபிளேர் பொறியாளர்கள் 2020-இல் லினக்ஸின் டிஎம்-கிரிப்ட் ஏன் மெதுவாக இருக்கிறது என்று துருவிப் பார்த்தார்கள். குறியாக்கக் கணக்கு தாமதத்துக்குக் காரணமாக இல்லை. ஒவ்வொரு வேலையையும் வரிசை வரிசையாகக் கைமாற்றிவிடும் பழைய அமைப்பே நேரத்தை விழுங்கியது. அவர்கள் முயற்சியால் அந்த வரிசைகளைத் தவிர்க்கும் இரண்டு ஆப்ஷன்கள் லினக்ஸ் 5.9 கெர்னலில் வந்தன. வேகமான எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் கார்டுக்கு முன் அவற்றைப் போட்டுப் பாருங்கள்.

கார்டு நிஜமாகவே தேவைப்படும் இடம்

இவ்வளவும் செய்த பிறகும் சுமை குறையாத இடங்கள் உண்டு. வங்கி, பணப் பரிவர்த்தனை போன்றவற்றில் மறுமுனையில் பழைய கருவிகள் இருக்கும், ஆர்எஸ்ஏவைக் கைவிட முடியாது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய இணைப்பு. அப்படிப்பட்ட லோட் பேலன்சருக்குக் கார்டு பெரிய துணை. கிளை அலுவலகங்களைச் சேர்க்கும் ஐபிசெக் கேட்வே பல பத்து ஜிகாபிட்டைத் தாங்க வேண்டும் என்றாலும் அப்படியே. பேக்கப் சர்வரிலும் பயன் உண்டு: இன்டெல் குவிக்அசிஸ்ட் வகைக் கார்டுகள் குறியாக்கத்தோடு தரவைச் சுருக்கும் வேலையையும் செய்கின்றன. சுருக்குவதுதான் சிபியுவை அதிகம் தின்னும் வேலை என்பதால், அங்கே கார்டின் விலை சீக்கிரம் திரும்பிவிடும்.

சந்தையில் இன்று பரவலாகக் கிடைப்பது குவிக்அசிஸ்ட் குடும்பம்தான். அதன் 8970 கார்டு 100 ஜிகாபிட் வரை தரவைக் குறியாக்கும், வினாடிக்கு 1 லட்சம் ஆர்எஸ்ஏ 2048 கணக்குகளைச் செய்யும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. மேலே சொன்ன ஒரு கோர் கணக்கோடு ஒப்பிட்டால் 50 கோர்களுக்குமேல் செய்யும் வேலை. 2023 ஜனவரியில் வெளியான நான்காம் தலைமுறை ஜியான் சிபியுவிலிருந்து இதே வசதி சிபியுவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் எல்லா மாடலிலும் கிடையாது. மாடலைப் பொறுத்து இந்த இயந்திரம் ஒன்றுமில்லாமலும் இருக்கும், நான்கு வரையும் இருக்கும். புதிய சர்வர் வாங்கப் போகிறவர்கள் தனிக் கார்டுக்கு விலை கேட்கும் முன் சிபியு மாடலின் விவரப் பட்டியலில் இந்த எண்ணைப் பாருங்கள். கிளவுடில் வாடகைக்கு எடுப்பவர்களால் கார்டு செருக முடியாது. அமேசானில் எம்7ஐ வரிசையின் மெட்டல் அளவுகளில் இந்த வசதி திறந்திருக்கிறது. அதே வரிசையின் சிறிய அளவுகளில் கிடைக்காது.

மெமரியின் கணக்கு

கார்டுகளில் இரண்டு இனம் இருக்கின்றன. ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த தரவைக் குறியாக்கித் திருப்பித் தருவது ஒன்று. தரவு வெளியே போகும் பாதையிலேயே, அதாவது நெட்வொர்க் கார்டுக்குள்ளேயே, குறியாக்குவது இன்னொன்று. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். வாங்குபவர் வித்தியாசத்தை உணர வேண்டும்.

இதை நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களை வைத்துப் பார்ப்பதுதான் சிறந்த வழி. படங்களை அனுப்பும் அவர்களின் சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகின்றன. 2021-இல் அவர்களின் பொறியாளர் டிரூ கேலட்டின் விளக்கிய அமைப்பில் 32 கோர் ஏஎம்டி எபிக் சிபியு ஒன்று. இலக்கு 400 ஜிகாபிட். பைட்டில் சொன்னால் வினாடிக்கு 50 ஜிகாபைட். டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு ஒரு பயணம். மெமரியிலிருந்து சிபியு படிப்பது இரண்டு. குறியாக்கியதை எழுதுவது மூன்று. நெட்வொர்க் கார்டு எடுத்துப்போவது நான்கு. 50 ஜிகாபைட்டை நான்கால் பெருக்கினால் 200. அந்த சிபியுவின் மெமரி தாங்கியதோ 150 ஜிகாபைட் அளவில். ஏஇஎஸ் கட்டளைகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பாதை போதவில்லை. சர்வர் 240 ஜிகாபிட்டில் நின்றது.

குறியாக்கத்தை மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-6 டிஎக்ஸ் நெட்வொர்க் கார்டுக்கு மாற்றியதும் நடுவில் இருந்த இரண்டு பயணங்களும் மறைந்தன. மெமரியில் 100 ஜிகாபைட் போக்குவரத்துதான் மிஞ்சியது. சர்வர் 380 ஜிகாபிட்டை எட்டியது. கார்டு காப்பாற்றியது மெமரியின் பாதையை. சிபியுவின் கணக்குத் திறன் அங்கே ஒருபோதும் குறைவாக இல்லை.

இப்போது இதே இடத்தில் ஓரமாக உட்காரும் கார்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். மெமரியிலிருந்து கார்டுக்கு, கார்டிலிருந்து மெமரிக்கு, பிறகு நெட்வொர்க் கார்டுக்கு. பயணம் ஒன்றுகூடக் குறையாது. சிபியுவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், வேகம் அதே 240-இல் நிற்கும். ஆகவே வீடியோ, பெரிய கோப்புகள் அனுப்புவோர் டிஎல்எஸ் வசதி உள்ள நெட்வொர்க் கார்டைப் பாருங்கள். அதற்குக் கெர்னலுக்குள்ளேயே டிஎல்எஸ் ஓட வேண்டும். லினக்ஸில் 4.13 கெர்னலிலிருந்து அது இருக்கிறது. ஹேண்ட்ஷேக் சுமை உள்ளவர்கள் ஓரக் கார்டைப் பாருங்கள். கையெழுத்துக்குப் போகும் தரவு சில நூறு பைட்டுதான். அங்கே மெமரிப் பயணம் பிரச்சினையே இல்லை.

கார்டைக் காத்திருக்க வைக்கக் கூடாது

கார்டு வாங்கிப் போட்டும் வேகம் கூடவில்லை என்று கேட்கும் குரல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே. புரோகிராம் ஒரு வேலையைக் கார்டுக்கு அனுப்பிவிட்டு, அது முடிந்து வரும்வரை அங்கேயே நிற்கிறது. மாவு மில்லில் டப்பாவைக் கொடுத்துவிட்டு அரைத்து முடியும்வரை வாசலிலேயே நிற்பவருக்கு, மில் எவ்வளவு பெரியதாக இருந்தும் வீட்டு வேலை ஒன்றும் நடக்காது. டப்பாவை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொள்பவர்தான் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

எண்களில் பார்ப்போம். ஒரு கையெழுத்து கார்டுக்குப் போய் வர அரை மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள். காத்து நிற்கும் புரோசஸ் வினாடிக்கு 2,000 கையெழுத்துதான் வாங்க முடியும். சாதாரண கோர் ஒன்று தானாகவே போடும் அளவும் அதுதான்! இவ்வளவு செலவழித்தும் லாபம் பூஜ்யம். கார்டின் உள்ளே பல கணக்கு இயந்திரங்கள் இணையாக ஓடுகின்றன. அத்தனைக்கும் ஒரே நேரத்தில் வேலை இருந்தால்தான் விளம்பரத்தில் உள்ள எண் வரும். எத்தனை வேலைகள் ஒரே சமயத்தில் கார்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: வினாடிக்கு வேண்டிய கையெழுத்துகளை, ஒரு கையெழுத்துக்கு ஆகும் நேரத்தால் பெருக்குங்கள். 40,000 வேண்டும், ஒன்றுக்கு 1 மில்லிவினாடி ஆகிறது என்றால் எப்போதும் 40 வேலைகள் உள்ளே இருக்க வேண்டும்.

2016 ஆகஸ்டில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0, ஒரு வேலையை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு அடுத்ததைக் கவனிக்கும் அசிங்க் வசதியைக் கொண்டுவந்தது. எச்ஏபிராக்ஸியில் அதற்கென்று ஓர் அமைப்பு வரி இருக்கிறது. என்ஜின்எக்ஸில் இன்டெல் தனியாகப் பராமரிக்கும் பதிப்பு வேண்டும். டிஸ்ட்ரிபியூஷனோடு வரும் சாதாரண என்ஜின்எக்ஸ் இதைச் செய்யாது. கார்டுக்கு விலை பேசும் முன், நீங்கள் ஓட்டும் சர்வர் மென்பொருள் அசிங்க் முறையில் கார்டோடு பேசுமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பேசாது என்றால் வாங்காதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-இலிருந்து, கார்டுகளை இணைக்கும் பழைய என்ஜின் முறை கைவிடப்படும் பட்டியலில் போய், ப்ரொவைடர் முறை வந்திருக்கிறது. கார்டின் மென்பொருள் புதிய முறைக்கு வந்துவிட்டதா என்பதையும் கேளுங்கள்.

பொருத்துவது

பார்ப்பதற்கு 16 லேன் ஸ்லாட்டாக இருந்தும் உள்ளே 8 லேன் மட்டும் இணைத்திருக்கும் மதர்போர்டுகள் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3-இல் 8 லேன் என்றால் ஒரு திசைக்கு வினாடிக்கு 8 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. கார்டைச் செருகிய பிறகு எல்எஸ்பிசிஐ கட்டளையில் லிங்க் நிலை என்ன அகலத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு சாக்கெட் சர்வரில் கார்டு எந்த சாக்கெட்டோடு சேர்ந்தது என்று பார்த்து, அதே பக்கத்துக் கோர்களில் சர்வர் புரோசஸ்களை ஓட்டுங்கள். இந்தக் கார்டுகள் பலவற்றில் விசிறி கிடையாது. சர்வர் பெட்டிக்குள் ஓடும் காற்றை நம்பியவை. சாதாரண டவர் பெட்டியில் போட்டால் சூடேறி வேகம் இறங்கும்.

டிரைவரும் ஃபர்ம்வேர் கோப்பும் ஒரே தொகுப்பிலிருந்து வரட்டும். சர்வர் புரோசஸ் ஓடும் பயனருக்குக் கார்டைத் திறக்க அனுமதி கொடுங்கள். அனுமதி இல்லாவிட்டால் பிழை எதுவும் காட்டாமல் சிபியுவிலேயே கணக்கு நடக்கும் அமைப்புகள் உண்டு. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அதனால், கார்டின் ஃபர்ம்வேர் எத்தனை வேலை வாங்கியது, எத்தனை முடித்தது என்று காட்டும் எண்ணிக்கைக் கோப்பைக் கெர்னலின் டீபக் பகுதியில் திறந்து பாருங்கள். சுமை ஓடும்போது அந்த எண்கள் ஏற வேண்டும். அதைக் கண்காணிப்புத் திரையிலும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. லினக்ஸ் கெர்னல் குறியாக்க முறைகளை முன்னுரிமை எண் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. கார்டின் டிரைவர் ஏறியதும் டிஸ்க் குறியாக்கம் உங்களைக் கேட்காமலே கார்டுக்குத் தாவலாம். சின்னச் சின்னத் துண்டுகளுக்கு அது சிபியுவைவிட மெதுவாக முடியும். வேகம் மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை: 2022-இல் குவிக்அசிஸ்ட் டிரைவரில், கார்டின் வரிசை நிரம்பியதும் வேலை தொலைந்துபோய் டிஎம்-கிரிப்ட் முடிவில்லாமல் காத்து நிற்கும் குறை தெரியவந்தது. அதைச் சரிசெய்யும்வரை கெர்னலில் அந்த முறைகளின் பதிவையே நிறுத்தி வைத்தார்கள். கெர்னலைப் புதுப்பிக்காத சர்வரில் இந்தக் கார்டைப் போடாதீர்கள்.

சாவியின் பாதுகாப்பு

ஆக்சிலரேட்டர் வேறு, எச்எஸ்எம் (ஹார்ட்வேர் செக்யூரிட்டி மாட்யூல்) வேறு. முதலாவது வேகத்துக்கு, சாவி சர்வரின் மெமரியில்தான் இருக்கும், சர்வருக்குள் புகுந்தவர் எடுத்துவிடலாம். இரண்டாவது சாவியை வெளியே விடாமல் காப்பதற்கு; வேகம் பெரும்பாலும் குறைவு. ஆதார் எண்களைச் சேமிக்கும் நிறுவனங்கள் அவற்றைத் தனி வால்ட்டில் வைத்து, சாவியை எச்எஸ்எம்-இல் வைக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-இல் உத்தரவிட்டது. அந்தத் தேவைக்கு ஆக்சிலரேட்டர் கார்டைக் காட்டினால் தணிக்கையில் நிற்காது.

வன்பொருள் என்றாலே நம்பலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல், தானே குறியாக்கிக்கொள்ளும் சில பிரபலமான எஸ்எஸ்டிகளைக் கடவுச்சொல் இல்லாமலே திறக்க முடிகிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் பிட்லாக்கரை இயல்பாகவே மென்பொருள் குறியாக்கத்துக்கு மாற்றியது. மென்பொருளில் ஓட்டை இருந்தால் அப்டேட் போடலாம். சிலிக்கானில் இருந்தால் கார்டைக் கழற்ற வேண்டியதுதான்.

எத்தனை ஆண்டுக்கு வாங்குவது என்பதும் இதோடு சேர்ந்ததே. 2013 முடிவோடு 1024 பிட் சான்றிதழ்கள் விடைபெற்றபோது, அந்த அளவுக்கு விளம்பரம் செய்த கார்டுகளின் எண்கள் ஒரே மாற்றத்தில் பல மடங்கு சரிந்தன. இப்போது குவாண்டம் கம்ப்யூட்டரைத் தாங்கும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. எம்எல்-கெம் 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரமாக வெளியானது, குரோம் பிரவுசர் அதைப் பழைய எக்ஸ்25519-உடன் சேர்த்து இயல்பாகவே கேட்கிறது, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5-இல் அது இருக்கிறது. சிபியுவுக்கு அது பெரிய பாரம் இல்லை. நிரந்தரமாகப் பதித்த கணக்கு இயந்திரங்களைக் கொண்ட கார்டுக்கோ அது தெரியாத பாஷை. கையெழுத்துகளும் இதே வழியில் மாறும்போது ஆர்எஸ்ஏவுக்காக வாங்கிய கார்டுக்கு வேலை குறைந்துகொண்டே போகும். ஐந்தாண்டுக்குமேல் கணக்குப் போட்டு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒப்புக்கொள்ளும் முன் ஒரு சோதனை

விற்பவரிடம் கார்டைச் சோதனைக்குக் கேளுங்கள்; பெரும்பாலும் தருவார்கள். அவர்கள் காட்டும் அளவீட்டை நம்பாமல், உங்கள் சான்றிதழ், உங்கள் மென்பொருள், உங்கள் உச்ச நேரக் கூட்டத்தைப் போன்ற சுமை ஆகியவற்றை வைத்து நீங்களே ஓட்டுங்கள். வினாடிக்கு எத்தனை புதிய இணைப்புகள் என்பதோடு, மிக மெதுவாக முடிந்த 1 சதவீத இணைப்புகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறியுங்கள். சராசரி நன்றாக இருந்தும் இந்த 1 சதவீதம் மோசமானால், வேலைகள் கார்டின் வரிசையில் தேங்குகின்றன என்று பொருள்.

கடைசியாக, முழுச் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டின் டிரைவரை நிறுத்துங்கள். இணைப்புகள் அறுந்தால் மென்பொருள் தானாகச் சிபியுவுக்குத் திரும்பவில்லை. அதைச் சரிசெய்யாமல் அந்தச் சர்வரைப் பொதுமக்கள் முன் வைக்கக் கூடாது. திரும்பினால், கார்டு இல்லாத நிலையில் அது தாங்கிய எண்ணை எழுதி வையுங்கள். கார்டு பழுதாகும் நாளில் அந்தச் சர்வரிடமிருந்து கிடைக்கப்போவது அவ்வளவுதான். மொத்தம் எத்தனை சர்வர்கள் வேண்டும் என்று திட்டமிடும்போது, ஏதாவது ஒன்று அந்த எண்ணில் ஓடினாலும் மற்றவை மீதியைத் தாங்குமா என்று கூட்டிப் பாருங்கள். தாங்காது என்றால், கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இன்னொரு சர்வரை வாங்குங்கள்.